75 காசில் தொடங்கிய இரவுக் காவல்

போன தீபாவளிக்கு என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். உயர்நிலை நான்கில் என்னிடம் தமிழ் படித்தவள். பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போய், இப்போது ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்டாள். "சார், என் வேலையைப் பாட்டிகிட்ட தமிழ்ல எப்படிச் சொல்றது? செக்யூரிட்டில இருக்கேன், நைட் ஷிஃப்ட்டுன்னு சொன்னேன். இவ்வளவு படிச்சிட்டு கொண்டோ வாசல்ல உட்கார்ந்திருக்கியாம்மான்னு அழ ஆரம்பிச்சிட்டாங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. 'பாதுகாப்புச் செயல்பாட்டுப் பகுப்பாய்வாளர்' என்று மொழிபெயர்க்கலாம்தான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாட்டி தூங்கிவிடுவார். ஒரு வேலைக்குச் சரியான பெயர் கிடைக்காதபோது, அது எப்படிப் பிறந்தது என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். அப்படித் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்கிறேன். ஆசிரியர்களே, வாய்மொழித் தேர்வில் இணையப் பாதுகாப்பு என்று தலைப்பு வந்தால் நம் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக்கூடாது, பெற்றோரிடம் தெரிவிக்க வேண்டும்." அதோடு நின்றுவிடும். அவர்கள் கையில் கொடுக்க நமக்கும் கொஞ்சம் சரக்கு வேண்டும் அல்லவா?

கதை 1986 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் இருந்தார். அவருடைய ஆராய்ச்சிக்கான பணம் தீர்ந்துபோனது. வேலையை விட்டு அனுப்பாமல், கீழ்த்தளத்தில் இருந்த கணினிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் காலத்தில் கணினியைப் பயன்படுத்தும் நேரத்துக்குக் காசு உண்டு. டாக்சி மீட்டர் மாதிரி. யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார், அதற்கு எந்தத் துறை பணம் கட்ட வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். இரண்டு கணக்குகள் இருந்தன. இரண்டும் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 75 காசு.

புதிதாக வந்தவருக்குக் கொடுக்கும் வேலைதானே, "அது ஏன்னு பாருங்க" என்றார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் என்றால் என் சட்டைப்பையிலிருந்து 75 காசை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஸ்டோல் போகவில்லை. கணக்குப் போடும் நிரலில் பிழை இருக்கிறதா என்று தேடினார். பிழை இல்லை. யாரோ ஒருவர் சில விநாடிகள் கணினியைப் பயன்படுத்தியிருக்கிறார். பணம் கட்ட அவருக்கு முகவரி இல்லை. அந்த ஆளை ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் நம் மாணவி இன்றைக்குச் செய்யும் வேலைக்கு விதை. வந்தவரை உடனே விரட்டாமல், அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க முடிவு செய்தார். ஒரு வாரயிறுதியில், ஆய்வுக்கூடத்தில் யார் யார் மேசைமேலோ இருந்த அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் இரவல் வாங்கி (கேட்காமல் எடுத்து என்றும் சொல்லலாம்), வெளியிலிருந்து வரும் ஐம்பது தொலைபேசி இணைப்புகளிலும் மாட்டினார். வருபவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தாளில் அச்சாக வேண்டும். அவற்றுக்கு நடுவே தரையில் படுத்துத் தூங்கினார். காலையில் எழுந்து பார்த்தால் நீளமான ஒரு தாள் காத்திருந்தது. வந்தவர் அந்தக் கணினியின் தலைமை நிர்வாகிக்கு உரிய அதிகாரத்தையே கைப்பற்றியிருந்தார். எப்படி? கணினி வழக்கமாகத் தானே இயக்கும் ஒரு நிரல் இருக்கும் இடத்தில், அதே பெயரில் தன் போலி நிரலை வைத்துவிட்டார். கணினி அதைத் தன்னுடையது என்று நம்பி இயக்கியது.

நம் ஊரில் விடியற்காலையில் புளோக்கையே எழுப்பிவிடும் குயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அது தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டுவிட்டுப் போகும். காக்கை தன் குஞ்சென்று நினைத்து வளர்க்கும். ஸ்டோலும் இந்த உவமையைத்தான் பிடித்தார். 1989இல் அவர் இந்த அனுபவத்தை எழுதியபோது நூலுக்குக் குயில் முட்டை என்றே பெயர் வைத்தார்.

வந்தவர் இந்த ஆய்வுக்கூடத்தை ஒரு படிக்கட்டாகத்தான் வைத்திருந்தார். இங்கிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகள் ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டிப் பார்த்தார். நானூறுக்கும் மேற்பட்ட கணினிகளில் முயன்று, முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் நுழைந்துவிட்டார். பல இடங்களில் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றியிருக்கவில்லை. ஸ்டோல் கூட்டரசு புலனாய்வுத் துறையிடம் புகார் சொன்னார். நட்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். 75 காசு என்றார். அவர்கள் எப்படி நடந்துகொண்டிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

தடம் ஜெர்மனி வரை போனது. ஆனால் அங்கே பழைய தொலைபேசி நிலையங்களில் ஓர் அழைப்பைப் பின்தொடர, பொறியாளர் ஒருவர் நேரில் போய் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். அதற்குள் ஆள் போய்விடுவார். அவரை நீண்ட நேரம் உட்காரவைக்க என்ன வழி? ஸ்டோலும் அவருடைய தோழியும் ஓர் உபாயம் கண்டார்கள். இல்லாத ஓர் இராணுவத் திட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் போலி ஆவணங்கள் எழுதி, இல்லாத ஒரு செயலாளர் பெயரில் கணினியில் வைத்தார்கள். வந்தவர் ஆசை ஆசையாக ஒரு மணி நேரத்துக்கு மேல் படித்தார். சில மாதங்களில் அந்த ஆவணங்களைக் கேட்டு அஞ்சலில் ஒரு கடிதமே வந்துவிட்டது! இல்லாத செயலாளருக்குக் கடிதம் வந்தால், கணினியில் இருந்ததைத் திருடிப் படித்த யாரோ அதை இன்னொருவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் என்பவர்தான் அந்த ஆள். அவரும் அவருடைய கூட்டாளிகளும் திருடியதைச் சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 1990இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்று சொன்னது, சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

மாணவர்களே, இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். ஸ்டோல் நாள் தவறாமல் ஒரு குறிப்பேடு எழுதினார். கணினி தானாகவே எழுதிக்கொள்ளும் குறிப்பை 'லாக்' என்கிறார்கள். நாம் 'லாகின்' செய்கிறோமே, அதில் இருப்பதும் இதுதான். ஆங்கிலத்தில் அதற்கு மரக்கட்டை என்று பொருள். அந்தக் காலத்துக் கப்பல்களில் கயிறு கட்டிய கட்டையைக் கடலில் போட்டு, கயிறு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்துக் கப்பலின் வேகத்தைக் கணிப்பார்கள். அதை எழுதிய ஏட்டுக்குக் கட்டையின் பெயரே நின்றுவிட்டது. தமிழில் 'பதிவேடு' என்று சொன்னாலே போதும், பாட்டிக்கும் புரியும்.

இந்தப் பதிவேடுகளை மனிதர் உட்கார்ந்து படித்துக் கட்டுப்படியாகாது என்பது அதற்கு முன்பே சிலருக்குத் தெரிந்திருந்தது. 1980இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கையில், பதிவேட்டை வைத்தே திருடனைக் கண்டுபிடிக்கலாம் என்றார். 1987இல் டோரதி டென்னிங் என்ற கணினி அறிஞர் அதற்கு ஒரு முறையையே வகுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. எப்போது வருவார், எதைத் திறப்பார், எவ்வளவு எடுப்பார் என்பதைக் கணினி கற்றுக்கொள்ளட்டும். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் மணி அடிக்கட்டும். இன்று உலகம் முழுவதும் அடிக்கும் இலட்சக்கணக்கான மணிகளுக்கு மூலம் அதுதான். 1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட ஒரு 'புழு' நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அதைச் சமாளிக்க யாரை அழைப்பது என்றே தெரியாமல் எல்லாரும் தவித்தார்கள். அந்த மாதமே கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஓர் அவசர உதவி நிலையம் அமைந்தது. அதன்பிறகு நாட்டுக்கு நாடு அப்படி ஒன்று வந்தது, சிங்கப்பூரிலும் உண்டு.

பெரிய நிறுவனங்களுக்குச் சூடு பட்டது எப்போது என்று கேட்டால், 2009 டிசம்பர் என்று சொல்வேன். அந்த மாத நடுவில் கூகிள் தன் வலையமைப்புக்குள் யாரோ புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தது. 2010 ஜனவரி 12ஆம் தேதி அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: தாக்குதல் சீனாவிலிருந்து வந்தது; நிறுவனத்தின் அறிவுச்சொத்து திருடப்பட்டது; சீன மனித உரிமை ஆர்வலர்களின் மின்னஞ்சல்களைப் பார்ப்பது ஒரு நோக்கம்; இன்னும் குறைந்தது இருபது நிறுவனங்களுக்கும் இதே கதி. அதுவரை இப்படிப்பட்ட விஷயத்தை நிறுவனங்கள் மூடி மறைப்பதுதான் வழக்கம். கூகிள் அதற்குப் பிறகு ஒரு பழைய எண்ணத்தையும் கைவிட்டது. அலுவலகத்துக்குள் இருக்கும் கணினி என்றால் நம்மவருடையது, நம்பலாம் என்ற எண்ணம் அது. உள்ளே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் நீ யார் என்று கேள் என்று மாற்றிக்கொண்டார்கள்.

சரி, இப்போது என் மாணவியின் மேசைக்கு வருவோம். அவள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிறாள். சில நாள் பகல், சில நாள் இரவு. வேறு சில நிறுவனங்களில் இரவு ஷிஃப்ட் கிடையாதாம். சிங்கப்பூர் முடிக்கும்போது ஐரோப்பா எழுந்துகொள்ளும், ஐரோப்பா முடிக்கும்போது அமெரிக்கா. சூரியனோடு சேர்ந்து வேலையும் உலகைச் சுற்றும். அவள் திரையில் எச்சரிக்கைகள் வரிசையாக வந்து நிற்கும். ஒருவர் காலை 9 மணிக்குச் சிங்கப்பூரில் நுழைந்திருக்கிறார், 9.20க்குப் பிரேசிலில் நுழைந்திருக்கிறார். அது எப்படி முடியும்? கணக்குப் பிரிவில் இருப்பவர் எதற்கு நிரல் எழுதும் கருவியைத் திறக்கிறார்? யாரோ ஒருவர் "இந்த மின்னஞ்சல் சந்தேகமா இருக்கு" என்று அனுப்பியிருக்கிறார். உண்மையில் சந்தேகப்பட வேண்டியதா? ஒவ்வொன்றையும் திறந்து, பதிவேட்டைப் பார்த்து, சம்பந்தப்பட்டவரைக் கேட்டு, ஒன்றும் இல்லை என்றால் ஏன் ஒன்றும் இல்லை என்று எழுதி மூட வேண்டும். இருக்கிறது என்றால் மேலே அனுப்ப வேண்டும். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது சார்" என்றாள். "பிரேசில்காரர் விபிஎன் போட்டிருப்பார். அவ்வளவுதான்."

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இந்த வேலையின் கஷ்டமே அதுதான். ஐம்பது கட்டுரை திருத்திய பிறகு ஐம்பத்தோராவது கட்டுரையை நாம் எப்படிப் படிக்கிறோம் என்று ஆசிரியர்களே, மனசாட்சியோடு யோசியுங்கள்.

2013இல் அமெரிக்காவின் டார்கெட் பேரங்காடியில் இதுதான் நடந்தது. அந்த நிறுவனம் விலையுயர்ந்த கண்காணிப்புக் கருவி வாங்கி வைத்திருந்தது. நவம்பர் இறுதியில் கருவி மணி அடித்தது. பெங்களூரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த குழு அதைக் கவனித்து, மினியாபோலிஸில் இருந்த தலைமையகக் குழுவுக்குத் தெரிவித்தது. அங்கே யாரும் அசையவில்லை. கடன் அட்டை, பற்று அட்டை என 4 கோடி அட்டைகளின் விவரங்கள் போய்விட்டன. பெங்களூரில் அந்த எச்சரிக்கையை அனுப்பிய ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, பிறகு செய்தியில் அதைப் பார்த்திருப்பார்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். மாணவர்களே, இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம்.

2018 ஜூலை 20ஆம் தேதி, சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தகவல்கள் திருடப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி போன்ற விவரங்கள் போயின. அவர்களில் ஏறத்தாழ 160,000 பேருக்கு வழங்கிய மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அந்த 160,000 பேரில் ஒருவர். அவருடைய விவரத்தைத் திருடர்கள் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருந்தார்கள். விசாரணைக் குழு அமைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் அதற்குத் தலைமை தாங்கினார். 2019 ஜனவரி 10ஆம் தேதி அறிக்கை பொதுமக்களுக்கு வெளிவந்தது.

அந்த அறிக்கையில் நாள்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். திருடர்கள் 2017 ஆகஸ்டிலேயே ஒரு கணினி வழியாக நுழைந்துவிட்டார்கள். 2018 ஜூன் 11, 12, 13 தேதிகளிலும், பிறகு 26ஆம் தேதியும் தரவுத்தளத்துக்குள் நுழையப் பார்த்ததற்கான தடயங்களைத் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சிலர் கவனித்தார்கள். ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை தகவல் வெளியே போனது. ஜூலை 4ஆம் தேதி, தரவுத்தளத்தைப் பராமரிக்கும் ஓர் ஊழியர் வழக்கத்துக்கு மாறான வினவல்கள் ஓடுவதைப் பார்த்தார். உடனே சக ஊழியர்களோடு சேர்ந்து அதை நிறுத்தினார். அதோடு திருட்டு நின்றது. ஆனால் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10ஆம் தேதிதான்.

நடுவில் என்ன நடந்தது? பார்த்தவர்கள் இருந்தார்கள், சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். சந்தேகப்பட்டால் அடுத்து யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்பது பலருக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய பொறுப்பில் இருந்த ஒருவரோ தயங்கினார். மேலிடத்துக்குத் தெரிந்தால் தனக்கும் தன் குழுவுக்கும் நெருக்கடி கூடும் என்று அவர் நினைத்ததாக அறிக்கை சொல்கிறது. திருடர்கள் கைதேர்ந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் ஜெயித்தே தீர்வார்கள் என்று எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை என்றும் குழு சொன்னது. அபராதமாகத் தகவல் தொழில்நுட்பத்தைக் கவனித்த நிறுவனம் 750,000 வெள்ளியும், சிங்ஹெல்த் 250,000 வெள்ளியும் கட்டின.

அந்தத் தயக்கத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. வகுப்பில் ஒரு பையன் இரண்டு வாரமாக ஒரு மாதிரி இருக்கிறான் என்று கவனித்திருக்கிறேன். சொன்னால் படிவம், கூட்டம், பெற்றோர் அழைப்பு. ஒன்றும் இல்லை என்று முடிந்தால் நமக்குத்தான் சங்கடம். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று விட்டிருக்கிறேன். அந்தப் பையன் விஷயத்தில் ஒரு வாரம் தாமதமாகத்தான் சொன்னேன். அந்த வாரத்தில் என்ன நடந்தது என்பது அவன் விஷயம். இங்கே எழுத மாட்டேன்.

என் மாணவியிடம் இதைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "நீ மேலே அனுப்பி, கடைசியில் ஒன்றும் இல்லை என்றால் திட்டுவார்களா?" அவள் குழுவில் தவறாக எழுப்பிய எச்சரிக்கைக்காக யாரையும் குறை சொல்வதில்லையாம். எழுப்பாமல் விட்டால்தான் கேள்வி. "முதல் மாசம் அதை நம்பவே முடியலை சார்" என்றாள். "ராத்திரி மூணு மணிக்கு மேனேஜரை எழுப்பினேன். ஒண்ணும் இல்லை. அவர் தேங்க்ஸ் சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டார். அதுக்கப்புறம்தான் நம்பினேன்."

ஒரு சின்ன விஷயத்தைக் கேட்டுப் பார்த்ததால் பெரியது வெளிவந்த கதையும் உண்டு. 2020 இறுதியில், இணையப் பாதுகாப்பு நிறுவனமான ஃபயர்ஐயில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஊழியர் ஒருவர் தன் கணக்கை உறுதிப்படுத்தப் புதிதாக இன்னொரு கைப்பேசியைப் பதிந்திருக்கிறார். தினமும் நடப்பதுதான், யாராவது புதுப் போன் வாங்கியிருப்பார்கள். ஆனாலும் அவரை அழைத்துக் கேட்டார்கள். "நான் புதுப் போன் எதுவும் பதியவில்லையே" என்றார். அந்த ஒரு தொலைபேசி அழைப்பைப் பிடித்துக்கொண்டு தேடியபோதுதான், சோலார்விண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருள் புதுப்பிப்பிலேயே திருடர்கள் நிரலைக் கலந்துவிட்டிருப்பது தெரிந்தது. அந்தப் புதுப்பிப்பு ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போயிருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் துறைகளும் அதில் அடக்கம். மறுபடியும் குயில் முட்டைதான். இந்த முறை கூட்டைக் கட்டிக் கொடுத்தவரே முட்டையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார், தெரியாமல்.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் வேடிக்கை. மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் பாதுகாப்புத் துறையில் இருப்பவரே இல்லை. தரவுத்தள மென்பொருள் எழுதுபவர். ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி அதிகமாவதைக் கவனித்தார். அரை விநாடி! ஏன் என்று நோண்டினார். உலகம் முழுக்க லினக்ஸ் கணினிகளில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்குள், இரண்டு ஆண்டுக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், கள்ளச்சாவி ஒன்றைச் செருகியிருந்தார். அது பரவலாகப் போய்ச் சேருவதற்கு முன்பே மார்ச் 29ஆம் தேதி ஃப்ராய்ண்ட் ஊரறியச் சொல்லிவிட்டார்.

ஆசிரியர்களே, இந்தக் கட்டுரையை வகுப்பில் பயன்படுத்துவதாக இருந்தால், ஜூன் 11 முதல் ஜூலை 10 வரையிலான பகுதியை மட்டும் கொடுத்து, "நீங்கள் அங்கே இளநிலை ஊழியராக இருந்தால் யாரிடம், என்ன வார்த்தைகளில் சொல்லியிருப்பீர்கள்?" என்று ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லிப் பாருங்கள். என் உயர்நிலை மூன்று வகுப்பில் பாதிப் பேர் முதல் வரியிலேயே மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். அதைப் பற்றியே ஒரு பாடவேளை முழுக்கப் பேசினோம்.

பாட்டி விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். போன மாதம் மாணவி குறுஞ்செய்தி அனுப்பினாள். 75 காசு கதையைப் பாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். பாட்டி ஒரு காலத்தில் தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். ராத்திரி கல்லாக் கணக்கில் பத்துக் காசு குறைந்தாலும் தூங்க மாட்டாராம். கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்கா பன்னெண்டு மணி நேரம்?" என்றாராம். பிறகு, இரவு ஷிஃப்டுக்குப் போகும்போது கட்டிக்கொடுக்க ஃப்ளாஸ்க் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.